உறைக்குள் ஒரு பச்சை வட்டம்

நெய்வேலி,
2-2-64, ஞாயிறு

மரியஜோசப் அண்ணன் அவர்களுக்கு, செசிலியா எழுதிக்கொள்வது.

இங்கு நலம். நீங்களும் மார்த்தாள் அண்ணியும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். ஏழு மாதமாக எழுதாதவள் இன்று எழுதுகிறாளே, என்ன காரியமோ என்று நினைப்பீர்கள். காரியம்தான். காரியம் இல்லாமல் எழுத எனக்கு இன்னும் மனசு வரவில்லை.

எங்கள் டவுன்ஷிப் பள்ளிக்குப் புதிதாக ஒரு மைக்ராஸ்கோப் வந்திருக்கிறது. சயின்ஸ் டீச்சர் என்பதால் அதைத் தொட எனக்கு மட்டும்தான் அனுமதி. கூடவே வந்த புத்தகத்தில், போலராய்டு ஒளியில் பார்த்தால் வெறும் மணல்கூட வண்ண வண்ணமாகத் தெரியும் என்று போட்டிருக்கிறது. என் வகுப்பில் பாதிப் பெண்களுக்கு அப்பாமார் மைன்ஸில் வேலை. "அப்பா என்ன பண்றாரு?" என்று கேட்டால், "மேல்மண்ண அள்ளிக் கொட்டுற மெஷின்ல டீச்சர்" என்று தரையைப் பார்த்துச் சொல்லுகிறார்கள். நிலக்கரிக்கு மேலே இருப்பதால் வேண்டாத மண்ணாகிவிட்டதாம். அந்த மண்ணை அவர்களுக்குக் காட்ட ஆசைப்படுகிறேன். அதற்கு இரண்டு போலராய்டு வடிகட்டிகள் வேண்டும். கேட்டலாக்கில் விலையைப் பார்த்ததும் தலைமையாசிரியை புத்தகத்தையே மூடிவிட்டார்.

உங்கள் ஆலை லேபில் கரும்புச் சாற்றுக்குத் தினமும் இந்த ஒளியை வைத்துத்தானே ரீடிங் பார்க்கிறீர்கள்? இதை வீட்டில் செய்ய வழி உண்டா? எனக்குத் தெரிந்தவர்களில் இதைக் கேட்க வேறு ஆள் இல்லை. அதனால்தான் கேட்கிறேன்.

இன்னொன்றையும் எழுதாமல் விட்டால் எனக்குத் தூக்கம் வராது. குள்ளஞ்சாவடியில் நம் சொந்தத்துத் துரைராஜ் கல்யாணத்தன்று தண்ணீர்த் தொட்டி பக்கம் நான் நின்றேன். நீங்கள் நேரே வந்தீர்கள். நான் சிரித்தேன். நீங்கள் யாரோ ஊர்பேர் தெரியாத பெண்ணுக்கு வழிவிடுவதுபோல ஒதுங்கிப் போனீர்கள். நீங்கள் கொண்டுவந்த மாப்பிள்ளையை நான் வேண்டாம் என்றது உங்களுக்குக் கோபம்தான். அதற்காக இப்படியா? அன்று நான் சாப்பிடாமல் பஸ் ஏறினேன்.

பதில் எழுதினால் சந்தோஷம்.

செசிலியா


நெல்லிக்குப்பம்,
9-2-64

சேசு மரி சூசை துணை.

அன்புள்ள செசிக்கு,

நீங்கள், உங்கள், அவர்கள்! நாலு வயசில் என் தோள்மேல் உட்கார்ந்து காதைத் திருகினவள் இன்று என்னை 'அவர்கள்' ஆக்கிவிட்டாள். ஏதோ வக்கீல் நோட்டீஸ் என்று மார்த்தாள் பயந்தே போனாள்.

உன் கேள்விக்கு வருகிறேன். சாதாரண வெளிச்சம் எல்லாப் பக்கமும் ஆடிக்கொண்டு வரும். போலராய்டு என்பது ஜன்னல் கம்பி மாதிரி. நிற்கிற கம்பிக்கு நடுவே தோசைத் திருப்பியை நிற்கவைத்தால் உள்ளே போகும், படுக்கவைத்தால் போகாது. முதல் போலராய்டு ஒரே பக்கம் ஆடுகிற வெளிச்சத்தை மட்டும் விடும். இரண்டாவதை அதன்மேல் வைத்துக் குறுக்கே திருப்பினால் அதையும் தடுத்துவிடும். முழு இருட்டு. அந்த இருட்டுக்கு நடுவே மணலோ சர்க்கரையோ வைத்தால் அது வெளிச்சத்தை முறுக்கி விடும், வண்ணம் வரும். சாற்றில் எவ்வளவு சர்க்கரை இருக்கிறதோ அவ்வளவு முறுக்கு. நாங்கள் பார்க்கிற ரீடிங் அதுதான்.

வெளிநாட்டுக் கூலிங்கிளாஸ் சிலதில் இந்தப் போலராய்டே இருக்கும். கழுவிவிட்ட சிமெண்டுத் தரை வெயிலில் பளபளக்கும் அல்லவா, அதைக் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டே கண்ணாடியைத் திருப்பு. பளபளப்பு செத்துப் போனால் அது அசல். எப்படித் திருப்பினாலும் ஒரே மாதிரி இருந்தால் வெறும் சாயம். உங்கள் ஊரில்தான் வெளிநாட்டு எஞ்சினியர்கள் இருக்கிறார்களே, தேடிப் பார்.

கல்யாண வீட்டில் ஆயிரம் பேர். யாரைப் பார்த்தோம், யாரைப் பார்க்கவில்லை என்று யாருக்கு ஞாபகம் இருக்கும்? அதை விடு.

ஆலையில் கரும்பு அரவை நடக்கிறது. வேலை அதிகம்.

உன் அண்ணன்
மரியஜோசப்


நெய்வேலி,
1-3-64

அன்புள்ள அண்ணன் அவர்களுக்கு,

'அதை விடு' என்று இரண்டே வார்த்தையில் முடித்துவிட்டீர்கள். விட முடியவில்லை. இருந்தாலும் தோசைத் திருப்பியை வைத்து விளக்கினதற்காக இந்தக் கடிதத்தில் அதைப் பேசவில்லை. ஒரு பக்கத்துக்கு ஆறே வரி எழுதியிருக்கிறீர்களே, நெல்லிக்குப்பத்தில் தாள் மலிவாகிவிட்டதா? எழுத்தெல்லாம் கடைப் பலகையில் எழுதினது போல இருந்தது.

செய்துவிட்டேன்! பக்கத்து ஊரான வடக்குத்தில் கண்ணையன் என்று ஒருவர் கடை வைத்திருக்கிறார். ஊர் திரும்புகிற வெளிநாட்டுக்காரர்கள் விட்டுப்போகிற சாமானெல்லாம் அவரிடம் வந்து சேரும். ஒரு ஜெர்மன் எஞ்சினியருடைய கூலிங்கிளாஸை எடுத்துக் கொடுத்தார். "இத்த போட்டுகினு போனீங்கன்னா டீச்சரம்மா, பிளாக்கே திரும்பிப் பாக்கும்ங்க. ஒரு ஓரத்துல மட்டும் வெடிச்சிருக்குது, வூட்டுல போய்த் தொடச்சிப் பாருங்க" என்றார். துடைத்தால் வெடிப்பு போகுமாம். அவர் கடை வாசலிலேயே ஒரு குடம் தண்ணீரை ஊற்றச் சொல்லி, கண்ணாடியைத் திருப்பிப் பார்த்தேன். பளபளப்பு செத்தது. டீச்சரம்மாவுக்கு வெயில் தலைக்கேறிவிட்டது என்று பக்கத்துக் கடைக்காரர்கள் நினைத்திருப்பார்கள்.

வெட்டுவதற்குத்தான் பாடுபட்டேன். கொஞ்சம் இளகட்டும் என்று ஒரு துண்டைக் கொதிக்கிற தண்ணீரில் போட்டேன். வெளியே எடுத்தால் ஓரமெல்லாம் பிரிந்து, வெல்லப்பாகு நிறத்தில் பல்லிளித்தது. அது போலராய்டாகவே இல்லை. சூடு ஆகாது என்று நீங்கள் ஒரு வரி எழுதியிருக்கலாம். மீதியைச் சூடு காட்டாமல், பூவேலைக் கத்தரியால் நாலணா அளவில் நாலு வட்டமாக வெட்டினேன். ஒன்றை அட்டை வளையத்தில் ஒட்டி மைக்ராஸ்கோப்பில் கீழே வெளிச்சத்தைத் திருப்பிவிடுகிற கண்ணாடிக்கு மேலே, மேடைக்கு அடியில் வைத்தேன். இன்னொன்றை மாத்திரைப் புட்டி மூடியில் ஓட்டை போட்டு ஒட்டி, கண் வைக்கிற குழாய்மேல் தொப்பி மாதிரி மாட்டினேன். தொப்பியைத் திருகினால் திரும்பும்.

முதலில் உருளைக்கிழங்கைச் சுரண்டி அந்த மாவை வைத்துப் பார்த்தேன். அண்ணா, ஒவ்வொரு மணியிலும் ஒரு கறுப்புச் சிலுவை! நம் பங்குச் சாமியார் பார்த்தால் உருளைக்கிழங்குக்கே பூசை வைத்துவிடுவார். அப்புறம் மைன்ஸ் மண். நீலம், மஞ்சள், ரோஜா. பக்கத்து குவார்ட்டர்ஸ் தனம் டீச்சர் ஒரு மணி நேரம் கண்ணை எடுக்கவில்லை, அவர் அடுப்பில் பருப்பு தீய்ந்தது.

வெட்டினது நாலு வட்டம், இரண்டு ஜோடி. ஒரு ஜோடி உங்களுக்கு. இந்த உறையில் பஞ்சு வைத்து அனுப்புகிறேன். குறுக்கே திருப்பும்போது முழுக் கறுப்பாகிறதா, பழுப்பாக நிற்கிறதா என்று பார்த்துச் சொல்லுங்கள். இதில் உங்கள் கண் சொன்னால்தான் எனக்குத் திருப்தி.

செசிலியா


நெல்லிக்குப்பம்,
8-3-64

அன்புள்ள செசிக்கு,

உறை பத்திரமாக வந்தது. இரண்டு வட்டங்களையும் ஜன்னல் பக்கம் பிடித்துத் திருப்பினேன். கதவைச் சாத்தினது மாதிரி இருட்டு. பழுப்பு இல்லை, ஒன்றும் இல்லை. முதல் தரம். எங்கள் பெரிய கெமிஸ்டு பார்த்தால் உன்னை லேபுக்குக் கேட்பார்.

எழுத்து பெரிதாக இருப்பது புதுப் பேனாவால். நிப்பு தடி.

ஈஸ்டருக்கு இங்கே வரலாமா என்று அண்ணிக்குக் கேட்டு எழுதியிருந்தாயாம். இப்போது வேண்டாம். அரவை முடியட்டும், நானே சொல்கிறேன்.

உன் அண்ணன்
மரியஜோசப்


நெய்வேலி,
14-3-64, சனி

அண்ணன் அவர்களுக்கு,

இன்று காலை பஞ்சு டப்பாவைத் திறந்தேன். உங்களுக்கு வெட்டின ஜோடியில் ஒன்று உள்ளேயே கிடக்கிறது. ஓரத்தில் நான் ஊசியால் 'ம' என்று கீறியிருந்தேன். அதனால் சந்தேகமே இல்லை.

அப்படியானால் உங்களுக்கு வந்தது எது? குள்ளஞ்சாவடிச் சந்தையில் வாங்கின பிளாஸ்டிக் கூலிங்கிளாஸில் ஒரு வட்டம் வெட்டியிருந்தேன். வெறும் பச்சைச் சாயம். அசலுக்கும் போலிக்கும் வித்தியாசம் காட்டப் பெண்களுக்காக வெட்டினது. நிறம் ஒன்றுபோல இருந்ததால் அதைத் தூக்கி உங்கள் உறையில் போட்டுவிட்டேன். தப்பு என்னுடையது. ஆனால் ஒரு அசலும் ஒரு போலியும் சேர்ந்தால், விடியவிடியத் திருப்பினாலும் இருட்டு வராது. உங்களுக்கு மட்டும் கதவைச் சாத்தினது மாதிரி எப்படி வந்தது?

உறையைப் பிரித்தே பார்க்கவில்லை, அதுதானே? மேஜை டிராயரில் போட்டுவிட்டு, தங்கச்சி கேட்டாளே என்று நாலு நல்ல வார்த்தை எழுதிவிட்டீர்கள். கல்யாண வீட்டில் செய்தது போதாதா?

*

மேலே எழுதினதைக் கிழிக்கவில்லை. அப்படியே இருக்கட்டும். கோபத்தில் உங்கள் பழைய கடிதங்களையெல்லாம் எடுத்து மேஜையில் பரப்பினேன். அறுபத்தொன்றில் எழுதினது எறும்பு ஊர்கிற மாதிரி பொடியாக இருக்கிறது. அறுபத்திரண்டில் அரிசி அளவு. போன மாதம் எழுதினது புளியங்கொட்டை அளவு. வரிகள் வலது பக்கம் போகப்போகக் கீழே சரிகின்றன. கடைசிக் கடிதத்தில் 'உன் அண்ணன்' மேலேயே 'மரியஜோசப்' ஏறி உட்கார்ந்திருக்கிறது. எந்தப் பேனா இதைச் செய்யும்?

அண்ணா, நீ உண்மையைச் சொல்லு. உனக்குக் கண் தெரிகிறதா இல்லையா?

செசி


நெல்லிக்குப்பம்,
19-3-64, சூசையப்பர் திருநாள்

அன்புள்ள செசி,

மறுபடி 'நீ' ஆகிவிட்டேன். என் பெயர் கொண்ட திருநாளுக்கு இது போதும்.

உன் கடிதத்தை லேபில் பூதக்கண்ணாடி வைத்து, ஆள் இல்லாத நேரம் பார்த்து, மூன்று தடவையாகப் படித்து முடித்தேன். உன் கடிதங்களை எல்லாம் இப்படித்தான் படிக்கிறேன்.

உறையைப் பிரித்தேன், செசி. அது பொய் இல்லை. ஜன்னலில் பிடித்துத் திருப்பினேன். இருட்டாக இருந்தது. திருப்பாதபோதும் இருட்டாகத்தான் இருந்தது. நீ செய்தது தப்பாக இருக்காது என்ற நம்பிக்கையில் முதல் தரம் என்று எழுதிவிட்டேன். என் தங்கச்சி போலியைப் பொட்டலம் கட்டுவாள் என்று எனக்கு எப்படித் தெரியும்?

இரண்டு வருஷமாகிறது. முதலில் வலது கண்ணில் பால் ஊற்றின மாதிரி. அப்புறம் இடது. சாற்றுக்கு ரீடிங் பார்க்கிற போலாரிமீட்டரில் வட்டம் இரண்டு பாதியாகத் தெரியும். இரண்டும் ஒரே வெளிச்சத்துக்கு வருகிற வரை திருகிவிட்டு அப்புறம் ரீடிங் எடுக்க வேண்டும். இப்போது எனக்கு எப்படித் திருகினாலும் இரண்டு பாதியும் ஒன்றுதான். உதவியாள் ராமலிங்கத்திடம், "நீ பழகிக்க வேண்டாமா, நீயே பார்த்துச் சொல்லு" என்கிறேன். அவர் சொல்கிறார், நான் தலையாட்டுகிறேன். அவர் வாயால் கேட்டதில்லை, ஆனால் இந்த சீசனில் ஒருநாள்கூட லீவு எடுக்கவில்லை. பதினெட்டு வருஷமாக இந்த வேலைக்கு என்னிடம் இருந்தது கண் ஒன்றுதான். அது போயிற்று என்று சொன்னால் நாளைக்கு நான் யார்? மார்த்தாளுக்கும் தெரியாது. அவள் கேட்கும்போதெல்லாம் தலைவலி என்கிறேன். நீ வந்தால் ஒரே நிமிஷத்தில் கண்டுபிடித்துவிடுவாய் என்றுதான் ஈஸ்டருக்கு வரவேண்டாம் என்றேன்.

இப்போது அந்தக் கல்யாணம். தொட்டி பக்கம் நீலப் புடவையில் ஒரு உருவம் நின்றது தெரியும். முகம் தெரியவில்லை. பெண்வீட்டார் யாரோ, இடித்துவிட்டால் மரியாதையாக இருக்காதே என்று ஒதுங்கி வழிவிட்டேன். பந்தியில், "செசிலியா சாப்பிடாமப் போயிடுச்சே, என்ன கோவம்?" என்று யாரோ கேட்டபோதுதான் நீ வந்திருந்ததே எனக்குத் தெரியும். அதற்கப்புறம் எனக்கும் சோறு இறங்கவில்லை.

நான் உன்னைப் பார்க்கவில்லை, செசி. பார்த்தும் பார்க்காமல் போகவில்லை. தெரியவில்லை, அவ்வளவுதான். குருடன் என்று நீ தெரிந்துகொள்வதைவிட, திமிர் பிடித்தவன் என்று நினைத்துக்கொள்ளட்டும் என்று இருந்துவிட்டேன். ஏழு மாதம் உன்னை அழவிட்டது அந்த முட்டாள்தனம்தான்.

யாரிடமும் சொல்லாதே.

அண்ணன்


நெய்வேலி,
21-3-64, சனி

என் அண்ணனுக்கு,

சொல்லுவேன். அண்ணியிடம் நாளைக்கே சொல்லப் போகிறேன். காலைப் பூசை முடிந்ததும் பஸ் ஏறுகிறேன், இந்தக் கடிதத்துக்கு முன்னால் நானே வந்து நிற்பேன். ஆனாலும் எழுதுகிறேன், ஏனென்றால் உன் முகத்தைப் பார்த்தால் எனக்குப் பேச வராது, அழுகைதான் வரும்.

ஏழு மாதமாக ராத்திரி ஜெபத்தில் எல்லோரையும் சொல்லிவிட்டு, உன் பெயர் வரும்போது மட்டும் வேகமாகத் தாண்டிப் போவேன். அந்த நேரமெல்லாம் நீ பூதக்கண்ணாடியோடு உட்கார்ந்திருந்தாய். இதை எந்தப் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லித் தீர்ப்பேன்?

தனம் டீச்சரின் மாமனாருக்குப் போன வருஷம் மெட்ராஸில் ஆபரேஷன் செய்து கண்ணில் இருந்த இதே பாலைத்தான் எடுத்தார்கள். இப்போது பேப்பர் படித்துவிட்டு வீட்டில் எல்லோரிடமும் சண்டை போடுகிறாராம். தலைக்கு இரண்டு பக்கமும் மணல் மூட்டை வைத்து, அசையாமல் பத்து நாள் படுக்க வேண்டுமாம். மே மாதம் எனக்கு லீவு. உன் கட்டில் பக்கத்தில் நான் இருப்பேன். உன்னைப் பத்து நாள் அசையாமல் படுக்கவைக்க அண்ணி ஒருத்தியால் ஆகாது.

உன் பெரிய கெமிஸ்டிடம் நீயே போய்ச் சொல்லிவிடு. ராமலிங்கத்தைக் கூட்டிக்கொண்டு போ. அவருக்கு எல்லாம் தெரியும் என்பது உனக்கும் தெரியும். வேலை என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாது, பொய்யாகத் தைரியம் சொல்ல மாட்டேன். ஆனால் 'நாளைக்கு நான் யார்' என்று கேட்டாயே, அதற்குப் பதில் தெரியும். நீ என் அண்ணன். அந்த உத்தியோகத்துக்குக் கண் பரீட்சை கிடையாது.

டப்பாவில் கிடந்த உன் வட்டத்தைக் கைப்பையில் வைத்துவிட்டேன்.

செசி


நெல்லிக்குப்பம்,
2-8-64, ஞாயிறு

சேசு மரி சூசை துணை.

அன்புள்ள செசி,

எழுத்தைப் பார். எறும்பு இல்லை, ஆனால் அரிசிக்குக் குறைவுதான். வரிகளும் சரியவில்லை என்று மார்த்தாள் சொல்கிறாள்.

கண்ணாடி வந்துவிட்டது. சோடாப் புட்டி அடி மாதிரி கனம். படியெல்லாம் என்னை நோக்கி எழுந்து வருகிறது, சோற்றுக்குக் கை நீட்டினால் தட்டு அந்தப் பக்கம் இருக்கிறது. பழகிவிடும் என்றார் டாக்டர். எங்கே வேலை என்று கேட்டார். சர்க்கரை ஆலை என்றேன். "ஆலையை ஒடம்புக்குள்ளயும் கொண்டுவந்துட்டீங்களே" என்று சிரித்துவிட்டு இனிப்பை நிறுத்திவிட்டார். இரத்தத்தில் சர்க்கரை ஏறினதுதான் இத்தனைக்கும் காரணமாம். இடது கண்ணுக்கு மார்கழியில் தேதி.

வேலையைப் பற்றி நீ கேட்டிருந்தாய். பெரிய கெமிஸ்டு கோபித்துக்கொண்டார். கண்ணுக்காக இல்லை, மறைத்ததற்காக. சீசன் தொடங்கும்போது ராமலிங்கத்தை ஒரு பக்கமும் என்னை ஒரு பக்கமும் உட்காரவைத்து ரீடிங் பார்க்கலாம், அதுவரை ஸ்டோர்ஸில் இரு என்றிருக்கிறார். வியாழக்கிழமை ராமலிங்கம் யாருக்கும் தெரியாமல் என்னை லேபுக்குள் கூட்டிப்போய் ஒரு குழாய் சர்க்கரைத் தண்ணீரைப் போட்டார். கண்ணாடியைக் கழற்றிவிட்டுத் திருகினேன். இரண்டு பாதியும் தனித்தனியாகத் தெரிந்தன. ஒன்று வெளுப்பு, ஒன்று கறுப்பு. திருகத் திருக ஒன்றாயின. நான் சொன்னதும் அவர் சொன்னதும் ஒரே ரீடிங். அவர் மூக்கைச் சிந்திக்கொண்டு வெளியே போய்விட்டார்.

அப்புறம் நீ கொடுத்த ஜோடியை எடுத்தேன். 'ம' என்று கீறினது கண்ணுக்கே தெரிந்தது. லேபில் சர்க்கரை மணி பார்க்கிற பழைய மைக்ராஸ்கோப்பில் நீ சொன்னபடி மேலும் கீழும் வைத்து, குறுக்கே திருப்பினேன். இருட்டு. இந்தத் தடவை உண்மையான இருட்டு, ஏனென்றால் திருப்புவதற்கு முன்னால் வெளிச்சம் இருந்தது. நடுவே ஒரு சொட்டுப் பாகைக் காயவைத்து வைத்தேன். பதினெட்டு வருஷம் சர்க்கரையோடு இருந்திருக்கிறேன். அதற்குள் இத்தனை நிறம் இருக்கிறது என்று எனக்கு யாரும் சொல்லவில்லை.

பச்சை வட்டத்தைத் திருப்பி அனுப்பச் சொன்னாய். தரமாட்டேன். அதை என் ஜெபப் புத்தகத்தில் வைத்திருக்கிறேன். நீ சரியாகப் பொட்டலம் கட்டியிருந்தால் நான் இன்னும் தலையாட்டிக்கொண்டே இருந்திருப்பேன்.

ஆகஸ்டு பதினைந்து மாதா திருநாள் சனிக்கிழமை வருகிறது. பூசைக்கு வா. அந்த நீலப் புடவையைக் கட்டிக்கொண்டு வா. தேர் கிளம்பும்போது கூட்டம் நெரியும், நீ என்னைத் தேட வேண்டாம், சிரிக்கவும் வேண்டாம். கோயில் கிணற்றடியில் நின்ற இடத்திலேயே நில். நான் வந்து உன்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறேன்.

உன் அண்ணன்
மரியஜோசப்